காஜா பெராங்கின் எலும்பு டாக்டர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் டாக்டர் சாரதாம்பாள் எடின்பரோவிலிருந்து மலாக்காவுக்குத் திரும்பி வந்தபோது அவர் வீடு இருந்த காஜா பெராங் பகுதியின் கர்ப்பிணிகள் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். பெண் டாக்டர் என்றால் பிரசவம் பார்ப்பவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வந்த வாரமே, ஒரு சனிக்கிழமை காலை, வீட்டு முன்னால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி காலைக் கட்டிய நாட்டுக்கோழி ஒன்றையும் மடியில் வைத்திருந்தாள்.

"நான் பிள்ளை பாக்கிற டாக்டர் இல்லம்மா," என்றார் சாரதாம்பாள். "கை கால் ஒடைஞ்சா, கார்ல அடிபட்டா, அப்ப என்கிட்ட வரணும்."

கோழிக்காரி கோழியை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள். "அதுக்கு ஆம்பள டாக்டரே போதுமே. நீங்க ஏன் அவ்வளவு தூரம் போய்ப் படிச்சீங்க?"

சாரதாம்பாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ரத்த அழுத்தம் பார்த்து, யாரிடம் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். கோழியை மட்டும் அவள் திரும்பக் கொண்டுபோகச் சம்மதிக்கவில்லை.

சாரதாம்பாளின் அப்பா பொன்னுதுரை மலாக்காவுக்கும் மூவாருக்கும் இடையே பஸ் ஓட்டியவர். பள்ளி விடுமுறையில் மகள் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய்வருவாள். அப்படி ஒருநாள், நல்ல மழைக்குப் பிறகு, செமாபோக் தாண்டும்போது பஸ் வழுக்கிக் கால்வாயில் சாய்ந்தது. அந்த வழியாக வந்த கார் ஒன்று நின்றது. முன் இருக்கையில் இருந்த பேங்க் அதிகாரியையும் அவர் மனைவியையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. அதிகாரிக்கு மூக்குக்கண்ணாடி உடைந்திருந்தது. மற்றவர்கள் புல்லில் கிடந்தார்கள். தொடை கிழிந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்த ரப்பர்த் தோட்டத்துப் பெண் ஒருத்தியும் அவர்களோடு கிடந்தாள். பொன்னுதுரை சட்டையைக் கழற்றிச் சுருட்டி, காயத்தின் மேல் வைத்து, மகளின் இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்தார்.

"அமுக்கிப் புடி. யார் என்ன சொன்னாலும் எடுக்காத."

மத்தியானம் ஒரு லோரி வரும்வரை சாரதா கையை எடுக்கவில்லை. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள், ஆனால் காலை எடுக்க வேண்டியதாயிற்று. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் கால் தப்பியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உடைந்த கண்ணாடி ஏன் முதலில் போயிற்று என்று சாரதா வீட்டில் பல நாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "நீ படிச்சு வந்து மாத்து" என்று பொன்னுதுரை ஒருநாள் சலிப்போடு சொன்னார். அதை அவள் இவ்வளவு நேராக எடுத்துக்கொள்வாள் என்று அவர் நினைக்கவில்லை.

உதவிச் சம்பளத்தில் சிங்கப்பூரில் மருத்துவம் சேர்ந்தாள். ஜப்பான்காரன் வந்ததும் படிப்பு நின்றது, அவன் போன பிறகு தொடர்ந்தது. அறுவைச் சிகிச்சையில் மேற்படிப்புக்கு எடின்பரோ போனபோது, அங்கிருந்த பேராசிரியர் அவளுடைய கைகளைப் பார்த்து, "ரொம்பச் சின்னதா இருக்கே" என்றார். "சின்ன ஓட்டையிலயும் நுழையும்" என்றாள் சாரதா. அவர் அதற்குப் பிறகு கைகளைப் பற்றிப் பேசவில்லை.

மலாக்காவில் அவர் சேர்ந்த ஆஸ்பத்திரிக்குத் தலைவர் டாக்டர் பிராடி என்கிற வெள்ளைக்காரர். போர்க்காலத்தில் பட்டாளத்தில் நல்ல சர்ஜனாக இருந்தவர். இப்போது கோப்புகளில் கையெழுத்துப் போடுவதும் ஆர்க்கிட் வளர்ப்பதும்தான் வேலை. அவரும் முதலில் பிரசவ வார்டைத்தான் காட்டினார். சாரதாம்பாள் கேஷுவல்டியைக் கேட்டார். அடிபட்டவர்களைக் கொண்டுவந்து போடும் அந்த இடத்தை எந்த டாக்டரும் விரும்பிக் கேட்டதில்லை. ஆகவே உடனே கிடைத்தது.

அங்கே முதல் நாளே ஒரு விஷயம் அவருக்குப் பிடிபட்டது. ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்ததும் மேசையில் இருக்கும், காயத்துக்குக் கட்டுப்போடும் டிரசர் தேவதாஸ் இரண்டு கேள்வி கேட்பார். பேர் என்ன, எந்த கிளாஸ். அரசாங்க அதிகாரிகளும் வசதிக்காரர்களும் முதல் கிளாஸ் அல்லது இரண்டாம் கிளாஸ். அவர்கள் வலது பக்கம் போவார்கள், உடனே டாக்டருக்கு ஆள் போகும். மூன்றாம் கிளாஸ் இடது பக்கம் போய் பெஞ்சில் காத்திருக்கும். தேவதாஸ் கெட்டவர் இல்லை. வந்த நாளிலிருந்து அப்படித்தான் கேட்டுவந்தார்.

"எங்க அடிபட்டுச்சுன்னு கேக்க மாட்டீங்களா?" என்றார் சாரதாம்பாள்.

"அது கடைசியில கேப்போம், டாக்டர்."

சாரதாம்பாள் அதைத் தலைகீழாக மாற்றினார். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் ரோஷன் பீவியைக் கூட்டிக்கொண்டு பசாருக்குப் போய், அப்துல் சமது ஜவுளிக்கடையில் மூன்று நிறத்தில் துணி வாங்கினார். இருவரும் உட்கார்ந்து பட்டை பட்டையாகக் கிழித்தார்கள். உள்ளே வருகிறவரை முதலில் டாக்டரோ நர்ஸோ பார்க்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மணிக்கட்டில் சிவப்பு. கொஞ்சம் பொறுக்கலாம் என்றால் மஞ்சள். உட்கார்ந்து காத்திருக்கலாம் என்றால் வெள்ளை. கிளாஸ் பற்றிய கேள்வி பிறகு.

எடின்பரோவில் யோசித்திருந்தால் இது சுலபமான ஏற்பாடுதான். மலாக்காவில் அப்படி இல்லை. கையில் சின்ன வெட்டோடு வந்த ஒரு சீனப் பெரியவருக்கு ரோஷன் பீவி வெள்ளைத் துணி கட்டினார். பெரியவர் அதைப் பார்த்தார், முகம் வெளுத்துப்போயிற்று. பின்னாலேயே வந்த அவருடைய மருமகள் உரக்க அழ ஆரம்பித்தாள். வெள்ளை அவர்களுக்குச் சாவுத் துணி. சமாதானப்படுத்துவதற்குள் கேஷுவல்டி முழுவதும் கூடிவிட்டது. மறுநாளே வெள்ளை போய் நீலம் வந்தது.

மஞ்சளுக்கு வேறு கதை. மலாய்க்காரர்களுக்கு அது அரச நிறம். கணுக்கால் பிசகி வந்த ஒரு மீனவர், தன்னை சுல்தானாக்கிவிட்டார்கள் என்று சொல்லிப் பெஞ்சில் இருந்தவர்களையெல்லாம் சிரிக்க வைத்தார். சிவப்போ சீனர்களுக்கு அதிர்ஷ்டம். அதைத்தான் கட்ட வேண்டும் என்று சிலர் கெஞ்சினார்கள். "செவப்பு கெடைச்சா அது அதிர்ஷ்டம் இல்ல அங்கிள், பெரிய சுசா, பெரிய கஷ்டம்" என்று ரோஷன் பீவி மலாயிலும் தமிழிலும் கலந்து எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார்.

எல்லாரும் சிரிக்கவில்லை. மரம் அறுத்து விற்கும் மரவாடிக்கு முதலாளி, கோயில் தலைவர், நகரத்தில் பாதிக் கட்டடங்களுக்குக் கான்ட்ராக்டர் என்று எல்லாமாக இருந்த மாணிக்கவாசகம் ரம்பத்தில் விரலைக் கீறிக்கொண்டு வந்தார். நீலத் துணி கட்டி, திரிஷா என்கிற சைக்கிள் ரிக்ஷா ஓட்டுநர் ஒருவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். கட்டுப்போட்டு வெளியே வந்ததும் நேராக பிராடியின் அறைக்குப் போனார்.

அன்று மாலை பிராடி சாரதாம்பாளைக் கூப்பிட்டார். "ஊர்ப் பெரியவங்க கோபப்படறாங்க. ரிப்பனைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமா?"

"விரல் கீறலுக்கு உங்க பட்டாளத்துல என்ன பண்ணுவீங்க, டாக்டர்?"

"கர்னலா இருந்தா உள்ள கூப்பிடுவோம்," என்றார் பிராடி. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "சண்டை நடக்காத நாள்ல," என்று சேர்த்துக்கொண்டார்.

"கேஷுவல்டியில தினமும் சண்டைதான்," என்றார் சாரதாம்பாள்.

பிராடி பேச்சை ஆர்க்கிட்டுக்கு மாற்றினார். துணிகள் தொடர்ந்தன.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் ஊரே வேறு மாதிரி ஆகிவிட்டது. மெர்டேக்கா, நாட்டின் சுதந்திர நாள், நெருங்கிக்கொண்டிருந்தது. கடைத்தெருவெல்லாம் காகிதக் கொடி, மூங்கில், வர்ண விளக்கு. காஜா பெராங் சந்திப்பில் மாணிக்கவாசகம் தன் செலவில் ஒரு பெரிய அலங்கார வளைவு கட்டினார். வேறு எந்தத் தெருவிலும் அவ்வளவு உயரம் இருக்கக் கூடாது என்று அவருக்கு ஆசை. தச்சு வேலை நடராஜனுடையது. அவர் அதே பகுதியைச் சேர்ந்த மலாக்கா செட்டி. பேரும் கும்பிடுகிற சாமியும் தமிழ், ஆனால் பேசுவதெல்லாம் மலாய்தான். மரவாடியில் நெடுநாளாக வேலை பார்ப்பவர்.

தொடர்ந்து மழை பெய்து மண் ஊறியிருந்தது. ஒருநாள் காலை, சாரதாம்பாள் சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு ஸ்கூட்டரில் வேலைக்குப் புறப்பட்டு வளைவுக்கு அடியில் வந்தபோது, அதன் ஒரு பக்கத்துக் கம்பம் மண்ணிலிருந்து விலகியது. மேலே ஆணி அடித்துக்கொண்டிருந்த நடராஜன் விழுந்தார். கீழே நின்று வேலை ஏவிக்கொண்டிருந்த மாணிக்கவாசகத்தின் மேல் ஒரு சட்டம் விழுந்தது. இன்னொன்று ஸ்கூட்டர்மேல்.

புழுதி அடங்கியபோது சாரதாம்பாள் சாலையில் உட்கார்ந்திருந்தார். வலது முன்கை இருக்கக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது. ஒரு நிமிஷம் அதையே பார்த்தார். பிறகு இடது கையால் அதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து மற்ற இருவரையும் பார்க்கப் போனார்.

மாணிக்கவாசகத்துக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. அவர் போட்ட சத்தம் அடுத்த தெருவரை கேட்டது. நடராஜன் சத்தமே போடவில்லை. உடம்பில் பெரிய காயமும் இல்லை. மூங்கில் குவியலில் சாய்ந்து, கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்று மலாயில் கேட்டார்.

"அபாங், எங்க வலிக்குது?" சாரதாம்பாளும் அண்ணன் முறை சொல்லி மலாயில் கேட்டார்.

நடராஜன் இடது தோளைத் தொட்டுக் காட்டினார். தோளில் ஒரு கீறல்கூட இல்லை. சாரதாம்பாள் அவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், பலகை மாதிரி இருந்தது. நாடி மிக வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. இடது விலாவுக்கு அடியில் மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் கொட்டும்போது வலி தோளில்தான் தெரியும் என்று அவர் படித்திருந்தார், பார்த்தும் இருந்தார்.

மூவரையும் மரவாடி லோரியிலேயே ஏற்றினார்கள். கேஷுவல்டி வாசலில் ரோஷன் பீவி ஓடிவந்தார். டாக்டரின் கையைப் பார்த்ததும் அதைத் தாங்கப் போனார்.

"நடராஜனுக்குச் செவப்பு," என்றார் சாரதாம்பாள். "முதலாளிக்கும் எனக்கும் மஞ்சள்."

"எனக்கு மஞ்சளா?" மாணிக்கவாசகம் ஸ்ட்ரெச்சரிலிருந்து தலையைத் தூக்கினார். "கால் ரெண்டா போச்சும்மா. அவன் சும்மா படுத்திருக்கான்."

"சத்தம் போட முடியுதுல்ல முதலாளி, அதனாலதான் மஞ்சள். அவருக்கு உள்ளுக்குள்ள ரத்தம் போகுது. உடனே திறக்கலன்னா இருக்க மாட்டார்."

மாணிக்கவாசகம் அப்போதுதான் பக்கத்து ஸ்ட்ரெச்சரைத் திரும்பிப் பார்த்தார். நடராஜனின் உதடு காகிதம்போல வெளுத்திருந்தது. முதலாளி தூக்கிய தலையைக் கீழே வைத்தார்.

திறப்பது யார் என்பதுதான் இப்போது கேள்வி. ஊரில் இருந்த ஒரே சர்ஜனின் வலது கை உடைந்திருந்தது. சிங்கப்பூரிலிருந்து ஆள் வரும்வரை நடராஜன் தாங்க மாட்டார். சாரதாம்பாள் நேராக பிராடியின் அறைக்கு நடந்தார். பிராடி அந்தக் கையைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்க செய்யணும்," என்றார் சாரதாம்பாள்.

"நான் கத்தியைத் தொட்டுப் பல வருஷம் ஆச்சு."

"நான் பக்கத்துல நிக்கிறேன்."

"உங்களுக்கு முதல்ல மார்பின் கொடுக்கணும்."

"கொடுத்தா தூங்கிடுவேன். அப்புறம் உங்களுக்கு யார் சொல்றது?"

வெளியே மாணிக்கவாசகத்தின் மகன்கள் காரில் வந்து இறங்கியிருந்தார்கள். அப்பாவுக்கு முதல் கிளாஸ் அறை உடனே வேண்டும் என்று தேவதாஸின் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தேவதாஸோ ரத்தம் கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். நடராஜனுக்கு ரத்தம் ஏற்றாமல் வயிற்றைத் திறக்க முடியாது. இது படுத்திருந்த மாணிக்கவாசகத்தின் காதில் விழுந்தது.

"ரூமு கெடக்குது," என்று மகன்களைப் பார்த்துக் கத்தினார். "அந்தாளு நம்ம மரவாடியில எத்தனை வருஷமா இருக்கான். போய்க் கையை நீட்டுங்கடா."

மகன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சில்க் சட்டையின் கையை மடித்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துப் பக்கம் போனார்கள். மூத்தவனின் ரத்தம் பொருந்தியது. வளைவு கட்டிய ஆட்களில் சிலருடையதும் பொருந்தியது.

தியேட்டரில் பிராடி கத்தியை வாங்கித் தோலைக் கீறினார். வயிற்றைத் திறந்தபோது ரத்தம் மேலே எழும்பி எதையும் பார்க்க முடியாதபடி மறைத்தது. அவர் தயங்கினார்.

"கண்ணால தேடாதீங்க," என்றார் சாரதாம்பாள். கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கிய கையோடு பிராடியின் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். "கையை விடுங்க. இடது பக்கம், இன்னும் மேல. மண்ணீரலுக்குப் பின்னால விரலை வளைச்சு முன்னால கொண்டுவாங்க. கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"அடிக்காம்பை இடுக்கிப் பிடிங்க. விடாதீங்க."

அமுக்கிப் பிடித்ததும் ரத்தம் நின்றது. அதற்குப் பிறகு பிராடிக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடைசித் தையல் போட்டபோது பழைய பட்டாளப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் சாரதாம்பாள் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். ரோஷன் பீவி அவரைத் தோளோடு பிடித்துக்கொண்டிருந்தார். "இப்ப மார்பின் குடுக்கலாம்," என்றார் சாரதாம்பாள்.

மாணிக்கவாசகத்தின் காலும் அன்றே சரிசெய்யப்பட்டது. அவர் முதல் கிளாஸ் அறைக்குத்தான் போனார். அதில் அவர் மாறவில்லை. சாரதாம்பாளின் கையையும் பிராடியே நேராக்கி மாவுக்கட்டுப் போட்டார். தியேட்டருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த கட்டில் மூன்றாம் கிளாஸ் பெண்கள் வார்டில் இருந்தது. "இதுவே போதும்" என்று சொல்லி அதிலேயே படுத்துவிட்டார்.

வார்டுக்குத் தினமும் வந்து போகிறவர்தான். ஆனால் படுத்துப் பார்த்தபோது வேறு வார்டாகத் தெரிந்தது. மேலே சுழலும் காற்றாடியின் காற்று அந்த மூலைக்கு வரவே இல்லை. கட்டு மாற்றும் தள்ளுவண்டி முதல் கிளாஸில் புறப்பட்டு இங்கே வந்து சேரும்போது மருந்தும் பஞ்சும் தீர்ந்திருக்கும், நர்ஸின் பொறுமையும் தீர்ந்திருக்கும். அடுத்த கட்டிலில் செங் ஊர்ப்பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்த பொன்னம்மா இருந்தாள். பால் வெட்டும் கத்தி காலில் இறங்கியிருந்தது.

"மஞ்சத் துணி கட்டுனாங்க," என்றாள் பொன்னம்மா பேச்சுவாக்கில். "கட்டிட்டுப் போயிட்டாங்க. எனக்கு அப்புறம் வந்தவங்களெல்லாம் உள்ள போறாங்க. நான் என்னமோ தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சேன்."

"அவங்களுக்கு உன்னைவிடப் பெரிய காயமா இருந்திருக்கும் பொன்னம்மா."

"இருக்கலாம். யாரும் சொல்லலையே டாக்டரம்மா. சொல்லியிருந்தா நான் பாட்டுக்குக் குந்தியிருப்பேன்."

காயத்தின் அளவுப்படி வரிசையைச் சாரதாம்பாள் ஒழுங்காகத்தான் மாற்றியிருந்தார். வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியவேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. செமாபோக் புல்வெளியில் கிடந்தவர்களுக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மெர்டேக்கா நாள் காலையில் பிராடி தன் வீட்டு ரேடியோவை ஊழியர் ஒருவரின் தலையில் ஏற்றிக் கொண்டுவந்தார். முதல் கிளாஸில் ஏற்கெனவே ரேடியோ இருக்கிறது என்று சொல்லி இதை மூன்றாம் கிளாஸ் வார்டின் நடுவில் வைத்தார். கோலாலம்பூரிலிருந்து முழக்கம் வந்தபோது படுத்திருந்தவர்கள் படுத்தபடியே கை தூக்கினார்கள். சாரதாம்பாளால் இடது கையைத்தான் தூக்க முடிந்தது. வெள்ளைக்காரர் கதவோரம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்களுக்கு வருத்தமா இருக்கா?" என்று சாரதாம்பாள் கேட்டார்.

"ஆர்க்கிட்டை யார் பாத்துக்குவாங்கன்னுதான் யோசிக்கிறேன்," என்றார் பிராடி.

நடராஜன் பிழைத்துக்கொண்டார். மெலிந்து, கோலூன்றி வீட்டுக்குப் போய், சில மாதங்களில் மறுபடி உளி பிடித்தார். உயரத்தில் ஏறும் வேலையை மட்டும் அதற்குப் பிறகு ஒத்துக்கொள்ளவில்லை. பிராடி வைத்த கட்டு கொஞ்சம் கோணல். சாரதாம்பாளின் மணிக்கட்டு முழுதாக வளையவில்லை. வீட்டில் வாழைத்தண்டில் ஊசி போட்டுப் போட்டு, கத்தியை வேறு மாதிரி பிடிக்கப் பழகினார். அப்படிப் பழகிய பிறகு பார்த்த முதல் அறுவையில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. ரோஷன் பீவி ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

கேஷுவல்டியில் ஒரு புது வேலை வந்தது. துணி கட்டியவர்களிடமெல்லாம் ஒருவர் போய் உட்கார்ந்து, ஏன் இந்த நிறம், யாருக்காகக் காத்திருக்கிறார்கள், எவ்வளவு நேரம் ஆகலாம் என்று அவரவர் பாஷையில் சொல்ல வேண்டும். அந்த வேலையைத் தேவதாஸே கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்று பாஷை அவருக்கு நன்றாக வரும், இத்தனை நாள் இரண்டு கேள்விக்கு மட்டும்தான் பயன்பட்டது. கிளாஸ் பற்றிய கேள்வியைப் படுக்கை ஒதுக்கும்போது கேட்டால் போதும் என்றாயிற்று. கட்டு மாற்றும் தள்ளுவண்டி ஒருநாள் இந்த முனையில் தொடங்கினால் மறுநாள் அந்த முனையில் தொடங்கியது. மாணிக்கவாசகம் இதைப் பற்றியும் பிராடியிடம் புகார் சொன்னார். ஆனால் அதே வருஷம் மூன்றாம் கிளாஸ் வார்டின் மூலைக்கு ஒரு காற்றாடி மாட்டிக் கொடுத்தார். கேட்டால், கடையில் உபரியாக இருந்தது என்பார்.

பிராடி ஊருக்குக் கப்பலேறியதும் அறுவைப் பிரிவு முழுவதும் சாரதாம்பாளிடம் வந்தது. சில வருஷங்கள் கழித்து, துணி ஏற்பாட்டைப் பற்றிப் பேச அவரைக் கோலாலம்பூருக்கு அழைத்தார்கள். ரோஷன் பீவியும் வந்தால்தான் போவேன் என்றார். இருவரும் போனார்கள். பேசி முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு டாக்டர் எழுந்து, "ஒரு மந்திரி அடிபட்டு வந்தா எந்த நிறம் கட்டுவீங்க?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது.

சாரதாம்பாள் பதில் சொல்லும் முன் ரோஷன் பீவி எழுந்துவிட்டார். "எங்க அடிபட்டுச்சுன்னு நீங்க சொல்லலையே, டாக்டர்," என்றார்.

கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். மாலை ரயிலில் இருவரும் தம்பின் ஸ்டேஷன்வரை வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து மலாக்காவுக்குத் திரும்பினார்கள். வழியெல்லாம் ரோஷன் பீவி தன் மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். சாரதாம்பாள் பாதியிலேயே தூங்கிப்போனார்.